சிவப்புப் பொட்டு வைத்த கிளாஸ்

அந்தக் கிளாஸின் அடியில் சிவப்பு நகப்பூச்சால் பொட்டு வைத்தவள் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்பாவைத் திட்டப்போகிறேன், நான் மட்டும் யோக்கியம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

தம்பி முன்பு திரிங்காப் மலையூரில் காய்கறி லோரி ஓட்டினான். தூக்கம் வராமலிருக்க என்று பழகியது போதை ஊசிவரை போய், ஊசி அவனைச் சிறையில் கொண்டுபோய் விட்டது. வெளியே வந்தபோது முன்கையில் ஒரு சிலுவையைப் பச்சை குத்தியிருந்தான். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டு ஜெபக் கூட்டத்தில் அவன் சட்டைக் கையை மடித்துவிட்டு, ஆண்டவர் உள்ளேயே போய் என் மகனைத் தொட்டுவிட்டார் என்று சாட்சி சொன்னார்.

அந்தச் சிலுவையைக் குத்திய ஊசி அதற்கு முன் எத்தனை பேர் தோலில் ஏறியது என்று தெரியாது. சோர்வு விடவில்லை என்று நான் கூட்டிப்போன ஆஸ்பத்திரியில், தம்பி இதை டாக்டரம்மாவிடம்தான் முதலில் சொன்னான். உள்ளே ஒரே பிளேடில் பல பேர் சவரம் செய்துகொண்டதைச் சொன்னான். பழைய ஊசிப் பழக்கத்தையும் மறைக்கவில்லை. இரத்தத்தில் ஹெபடைடிஸ் சி இருந்தது. எது வழியாக வந்தது என்று இனிமேல் சொல்ல முடியாது, மூன்று மாதம் ஒரு நாள் விடாமல் மாத்திரை போட்டால் அநேகமாகக் குணமாகிவிடும், விட்டால் ஈரல் கெட்டுப்போகும் என்றார் அவர். இரத்தம் பட்டால்தான் ஒட்டும், அதனால் சவரக்கத்தியும் நகவெட்டியும் தனியாக இருக்கட்டும், கிளாஸிலும் தட்டிலும் ஒட்டாது என்று இரண்டு தடவை சொன்னார். நான் பூம்பூம் மாடுபோல் தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா, ஆஸ்பத்திரிக்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள், கிளாஸைத் தனியாக வை என்றார். நானும் வைத்தேன். தேயிலைத் தோட்டத்துத் தேநீர்க் கடையில் வேலை செய்கிறவள் நான். ஊர் பேர் தெரியாத சுற்றுலாக்காரர்கள் வாய் வைத்த கோப்பைகளை நாள் முழுவதும் கழுவி அடுத்தவருக்குக் கொடுக்கிறேன். சொந்தத் தம்பிக்குத்தான் அடையாளம் வைக்கத் தோன்றியது. அடுத்த ஜெபக் கூட்டத்தில் அவனுக்கு மட்டும் அந்தக் கிளாஸில் தேத்தண்ணீர் போனது. பக்கத்தில் இருந்தவர்கள் பாயைத் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள். சிலுவையைக் காட்டச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

தம்பி தினமும் காலையில் அந்தக் கிளாஸில் தண்ணீர் பிடித்து மாத்திரை போட்டுக்கொண்டான். இரண்டு மாதம் ஓடிவிட்டது.

அப்பாவுக்குக் கை நடுக்கம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போக, சனிக்கிழமை மாலை தம்பிதான் அவருக்குச் சவரம் செய்துவிடுவான். வாரா வாரம் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. அன்று சுடுதண்ணீர் கொண்டுபோனபோதுதான் உறைத்தது. அவன் குடித்த கிளாஸைத் தொடாத மனிதர், அவன் கத்திக்குக் கழுத்தைத் தூக்கிக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கிளாஸில் இல்லை, கத்தியில்தான் ஒட்டும் என்று டாக்டரம்மா தலைதலையாக அடித்துக்கொண்டாரே, நமக்கெல்லாம் மூளை இருக்கிறதா என்று கத்தினேன்.

அப்பா சோப்பு நுரையை வழித்து, இரத்தம் இருக்கிறதா என்று விரலைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்து, "என்னைக் கொல்லப் பாத்தியாடா?" என்றார்.

தம்பி குளியலறைத் திட்டிலிருந்து இரண்டு ரேசர்களை எடுத்துக் காட்டினான்.

"நீலம் ஒங்களுக்கு, மஞ்சள் எனக்கு. ஆஸ்பத்திரியிலேருந்து வர்ற வழியிலயே கம்போங் ராஜாவுல வாங்கிட்டேன்லா. நீங்க கிளாஸுல பொட்டு வைக்கிறதுக்கு முன்னாடியே."

அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறு கன்னம் சவரம் ஆகவில்லை. தம்பி ரேசரைக் கழுவி வைத்துவிட்டுக் கிளம்பினான். கோலா தெர்லாவில் பழைய லோரிக் கூட்டாளியின் அறைக்குத்தான் போயிருப்பான். ஊசி பழகியதும் அந்த அறையில்தான். மாத்திரை டப்பா திட்டிலேயே இருந்தது. இன்னும் ஒரு மாத மாத்திரை பாக்கி.

காலையில் அப்பா பாதித் தாடியோடு உட்கார்ந்து, மீதியை வழித்துவிடச் சொன்னார். நீல ரேசரை அவர் மடியில் போட்டுவிட்டு மாத்திரை டப்பாவோடு மோட்டாரில் ஏறிக் கோலா தெர்லாவுக்குப் போனேன்.

அவன் அந்த அறையில் தனியாகத்தான் இருந்தான். கண் தெளிவாக இருந்தது. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. மாத்திரையைக் கையில் கொடுத்தேன், மறுக்காமல் போட்டுக்கொண்டான். வந்த வேகத்தில் எனக்கும் தொண்டை வறண்டிருந்தது. அவன் கீழே வைத்த கிளாஸில் மீதித் தண்ணீர் இருந்தது, எடுத்தேன். சட்டென்று என் கையைப் பிடித்தான்.

"வேணாங்க்கா. அது நான் குடிச்சது."

கிளாஸில் ஒட்டாது என்று டாக்டரம்மா இரண்டு தடவை சொன்னபோது அவனும்தான் என் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான்.