காயாத சோப்பு

பாற்கடல் துயிலும் பெருமானே, துணைநிற்பாய். இன்று வளர்பிறை ஏகாதசி.

மருமகள் வாங்கிவந்த சோப்பின் காரநெடி, உத்திரமேரூர் ஏரிக்கரையில் சுவடின்றிப் போன எங்கள் சோப்புக் கொட்டகைக்கு என்னை இழுத்துச் சென்றது. அப்பா கொப்பரையில் கொதிக்கக் காய்ச்சும் சோப்பை மறுநாளே தேய்க்கலாம். அம்மா கொதிக்கவிடாமல் கலக்கி அச்சில் ஊற்றுவதில் வாசனை நிற்கும், ஆனால் காரம் அடங்க ஒரு மாதம் காயவேண்டும்.

உற்சவத்துக்குப் பெருமாளின் பட்டாடையைத் துவைப்பது எங்கள் வீட்டு முறை. ஓர் ஆண்டு அம்மா பத்தே நாளான தன் சோப்புக் கட்டியை எடுத்தாள்.

"இன்னாடி அவசரம்? அது இன்னும் காயலியே!" என்றார் அப்பா.

"சாமிக்கு வாசனை வாணாவா? உன்னுது கூழு மாரி கீது," என்று சிரித்தாள்.

காரம் பட்டாடையை அரித்தது. பெருமாள் பழந்துணியில் எழுந்தருளினார். அதன்பின் அம்மா கோயில் வாசலை மிதிக்கவில்லை. சாகும்போதும் தீர்த்தத்துக்கு வாய் திறக்கவில்லை.

அவள் தனக்கு மறுத்துக்கொண்ட மன்னிப்பு, இதைப் படிப்போர் அனைவருக்கும் கிடைப்பதாக.