எல்ஃப் படையலும் சாத்திய கதவும்

எல்ஃப்கள் என்ற ஐரோப்பியப் பழங்கதைத் தேவதைகளைப் பற்றி நாங்கள் முதலில் சண்டை போட்டது காதுக்காகத்தான்.

முகப்பேரில் என் வீட்டுக் கூடத்தில், ஞாயிறு பிற்பகல்களில், மூன்று பேர் சேர்ந்து ஒரு கற்பனை உலகத்தைக் கட்டிக்கொண்டிருந்தோம். வரைபடத்தை விரித்து, பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி நடிக்கும் விளையாட்டு அது. ஒருவன் என் அலுவலக நண்பன். பாரிவாக்கத்தில் தலைமுறைகளாகப் பயிர் செய்த குடும்பம் அவனுடையது. இன்னொருவர் அவனுடைய அக்கா. நான் நடுவர். அந்த உலகத்தின் ஆண்டுக்கணக்கும் என் பொறுப்பு. எந்த அரசன் எந்தப் பஞ்சத்துக்கு முன்னால் செத்தான் என்பதில் குழப்பம் வந்தால் எனக்குச் சோறு இறங்காது.

"எல்ஃபுன்னா கூர் காது, நீட்டு முடி, கையில வில்லு. அவ்ளோதான் மச்சான்" என்றான் நண்பன்.

நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஸ்காண்டிநேவியப் பழம்பாடல்களின் மொழிபெயர்ப்புகளில் நான் தேடியவரை கூர் காது எங்கும் இல்லை. எல்ஃப்களைக் கடவுளரோடு சேர்த்துச் சொல்கிறார்கள், அவ்வளவுதான். ஒளி எல்ஃப், இருள் எல்ஃப் என்ற பிரிவுகூட, ஐஸ்லாந்துக்குக் கிறித்துவம் வந்து இரண்டு நூற்றாண்டு கழிந்த பிறகு எழுதப்பட்ட உரைநடையில்தான் வருகிறது. ஆனால் ஒரு சம்பவம் என்னைப் பிடித்துக்கொண்டது. பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓர் அரசவைக் கவிஞர் சுவீடனில் பயணம் போகிறார். தங்க இடம் கேட்டுக் கதவைத் தட்டுகிறார். உள்ளே எல்ஃப்களுக்குப் படையல் நடக்கிறது, வெளியாள் வரக்கூடாது என்று திருப்பி அனுப்புகிறார்கள். யாரும் கேள்விப்பட்டிராத வழக்கம் கையில் கிடைத்துவிட்டது என்ற குஷியில் அதை அப்படியே எங்கள் உலகத்துக்குள் கொண்டுவந்தேன்.

அக்காவுக்கு அந்த ஐப்பசியில்தான் விவாகரத்துத் தீர்ப்பு வந்திருந்தது. காட்டுப்பாக்கத்துப் புகுந்த வீட்டை விட்டு வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவர் விரும்பியது ஒன்றே ஒன்று. தீபாவளிக்கு அடுத்த ஞாயிறு அவர்கள் வீட்டில் குலசாமிக்குப் படையல். பங்காளிகள் மட்டும் இருந்து, கதவைச் சாத்திக்கொண்டு செய்வது. இந்த முறை அதில் அவர் உள்ளே உட்கார வேண்டும். இது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. அன்று தெரிந்ததெல்லாம் சுவீடன்தான்.

படையலுக்கு முந்தைய ஞாயிறு அந்தக் காட்சியை ஆடினோம். அக்காவின் பாத்திரம் எல்ஃப் வம்சத்துப் பெண். போரிலிருந்து தப்பி, மழையில் தம்பி வீட்டுக்கு வருகிறாள். நண்பன்தான் தம்பி.

அக்கா மேசையைத் தட்டினார். "டேய், கதவைத் தொற."

"யாரு?"

"உன் அக்காடா, எருமை."

நண்பன் சிரித்துக்கொண்டே குரலைக் கனமாக்கினான். "உள்ள படையல் நடந்துகினு கீது. நாளிக்கு வா."

"மழையில நிக்கிறேன்."

"நில்லு. வேற ஊட்டுக்குப் போன பொண்ணு நடுவுல வந்து குந்துனா சாமி எலயில எறங்காது."

நான் எழுதிக் கொடுத்த குறிப்பில் அந்த வரி இல்லை. நல்ல கற்பனை என்று பாராட்ட வாயெடுத்தேன். அக்கா பகடையைக் கீழே வைத்துவிட்டார்.

"போன வருசம் அம்மா சொன்னதை ஒரு எழுத்து மாறாம சொல்றியேடா."

நண்பனின் முகத்தில் இருந்த சிரிப்பு போக வழி தெரியாமல் நின்றது. என்ன சொல்கிறோம் என்றே தெரியாமல் நான் குறுக்கே புகுந்தேன். "அக்கா, இது சுவீடன்ல நடந்தது…"

"பாரிவாக்கத்துலயும் நடக்குது தம்பி. பின்னால கொல்லையில நின்னேன். ஊதுபத்தி வாசம் மட்டும் வந்துச்சு."

எங்கோ கடலுக்கு அப்பால், எப்போதோ மூடிய கதவு என்றுதான் அதைப் படித்திருந்தேன். என் வீட்டிலிருந்து பைக்கில் போய்வரும் தூரத்தில் அது இன்னும் சாத்தியே இருக்கிறது. அதற்கு வெளியே நின்றவரையே மறுபடி நிற்க வைத்திருக்கிறேன்.

"வெளாட்டுக்குச் சொன்னேங்கா" என்றான் நண்பன்.

"சரி. வர்ற ஞாயித்துக்கிழம வெளாட்டில்ல. அன்னிக்கி இன்னா சொல்லுவ?"

அவன் அக்கா வைத்த பகடையை எடுத்து டப்பாவில் போட்டான். அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார். அந்த வாரம் முழுக்க அவன் அலுவலகத்தில் என்னிடம் பேசியது வேலையைப் பற்றி மட்டும்தான்.

படையல் ஞாயிறு மதியம் போன் வந்தது. "மச்சான், அக்கா உள்ள கீறா. நான்தான் கையைப் புடிச்சு இட்டாந்தேன்."

"அம்மா?"

"பங்காளிங்க அத்தினி பேரும் எழுந்து போய்ட்டாங்க மச்சான். பெரியப்பா என் மூஞ்சிக்கு நேரா, உன் சாவுக்கும் வரமாட்டேன்னுட்டாரு. எல போட்டது போட்டபடி கீது. அம்மா வாசப்படியில நிக்கிறாங்க. உள்ளயும் வரல, அவங்க கூடவும் போவல."

நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். பின்னால் அக்காவின் குரல் கேட்டது. "அம்மா, வாம்மா. சோறு ஆறுதும்மா." மறுபடியும், இன்னும் மெதுவாக, "வாம்மா."



"நீ வரியாடா?" என்றான் நண்பன். "எங்க ஊட்டு ஆளுங்க எலயில எப்பிடி உன்ன குந்த வெக்கிறதுன்னு தெரில. ஆனா வா."