அண்ணன் பேச்சும் என் கன்னடமும்

அடிப்பதற்கு முன்னால் அவர்கள் அண்ணன் கழுத்திலிருந்த கட்சித் துண்டை உருவி, நான்காக மடித்து, நாற்காலியில் வைத்தார்கள். துண்டு போட்டிருப்பவனை அடிக்கக் கூடாது என்பது எங்கள் கட்சியில் எழுதாத சட்டம். மரியாதை துணிக்கு உண்டு, கழுத்துக்குக் கிடையாது.

லிங்கராஜபுரத்தில் அண்ணனுக்கு ஜன்னல் கிரில் செய்யும் பட்டறை. வார்டில் கட்சித் தலைவரும் அவன்தான். கோலார் தங்கவயலில் சுரங்கம் மூடிய பிறகு இங்கே வந்த குடும்பம் எங்களுடையது. வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம். அதனால் எனக்கும் கட்சியில் ஒரு வேலை கிடைத்தது. மேடையில் தலைவர்கள் கன்னடத்தில் பேசினால் நான் தமிழில் சொல்வேன். அண்ணன் தமிழில் பேசினால் கன்னடத்தில் சொல்வேன். அண்ணனுக்கு என்னைவிட நல்ல கன்னடம் வரும். ஆனால் எங்கள் வார்டில் தமிழில் பேசினால்தான் ஓட்டு விழும் என்று கட்சி நினைத்தது.

இந்த வேலைக்கு மொழியைவிட வடிகட்டத் தெரிய வேண்டும். தலைவர் ஜனங்களை ஏசினால், “உரிமையோடு கண்டிக்கிறார்” என்பேன். தண்ணீர் வரவில்லை என்று அண்ணன் கத்தினால், “அன்போடு நினைவூட்டுகிறார்” என்பேன். இப்படியே பல வருஷம் யாருக்கும் சேதாரமில்லாமல் ஓட்டிவிட்டேன்.

பிறகு எல்லையில் சண்டை வந்தது. ஜெயித்துவிட்டோம் என்று கட்சி சொன்னது. எங்கள் தெருவில், சர்ச்சுக்கு எதிர்வீட்டிலிருந்து பட்டாளத்துக்குப் போனவன் பெட்டியில் வந்தான். திறக்கக் கூடாது என்று ஆணியடித்து அனுப்பியிருந்தார்கள். குண்டு துளைக்காத சட்டை ஒன்றை இரண்டு பேர் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்கிறோம் என்று முந்தின வாரம்தான் போனில் அம்மாவிடம் சொல்லியிருக்கிறான். அந்த அம்மா மூடியைப் பிறாண்டிப் பிறாண்டி இரண்டு நகம் பெயர்ந்துவிட்டது. மரமெல்லாம் ரத்தம். நானும் அண்ணனும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். சில நாளிலேயே கட்சி அதே தெருவில் வெற்றி விழா வைத்தது.

வடக்கு மாவட்டத்திலிருந்து ஒரு பெரிய தலைவர் வந்திருந்தார். அவருக்கும் அவர் ஆட்களுக்கும் தமிழ் அறவே தெரியாது. அண்ணன் முதலில் முறைப்படி எல்லாரையும் வாழ்த்தினான். பிறகு மைக்கை இறுக்கிப் பிடித்தான்.

“ஜெயிச்சோம்னு சொல்றோம். ஒரு சட்டைய ரெண்டு பேருக்குக் குடுத்து சண்டைக்கு அனுப்புனது யாரு? நம்ம கட்சி ஆட்சிதான? பெட்டிக்குள்ள இன்னா இருக்குதுன்னு அந்தம்மாகிட்ட சொன்னமா? அதுக்குப் பதில் சொல்லாம இங்க வந்து பட்டாசு வெடிக்கிறோம். எனக்கு வெக்கமா இருக்குது.”

தலைவர் சிரித்த முகமாக என்னைப் பார்த்தார். வீரனின் தாய்க்கு ஆறுதல் சொல்கிறார் என்று நான் ஒரே வரியில் முடித்திருக்கலாம். எனக்கு அந்த நகங்கள்தான் கண்ணில் நின்றன. வெறி தலைக்கேறியது. ஒரு சொல் விடாமல் கன்னடத்தில் சொன்னேன், அண்ணனைவிட உரக்கச் சொன்னேன். கூட்டத்தில் கைதட்டினார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

அன்று சாயங்காலமே எல்லார் போனிலும் அந்த வீடியோ ஓடியது. அண்ணனின் தமிழை வெட்டிவிட்டு, அவன் முகத்துக்கு என் கன்னடத்தை வைத்திருந்தார்கள்.

மறுநாள் காலை பத்து மணிக்குப் பட்டறைக்கு எட்டுப் பேர் வந்தார்கள், தலைவரின் ஆட்கள். துண்டை மடித்து வைத்தபின், அறுத்து வைத்திருந்த இரும்புக் கம்பிகளை எடுத்தார்கள். அண்ணன் தொழிலுக்கு வாங்கிய கம்பி. முதல் அடி முழங்கையில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அடுத்தது தாடையில். இரண்டு பல் தெறித்து வெல்டிங் மேஜைக்கு அடியில் போய் விழுந்தன. கீழே சரிந்தவனை விலாவில் மிதித்தார்கள். இரண்டு பேர் என்னைச் சுவரோடு அழுத்திப் பிடித்திருந்தார்கள். என்மேல் ஒரு அடிகூட விழவில்லை. “நீனு பரீ டிரான்ஸ்லேட்டர்” என்றான் ஒருவன். நீ வெறும் மொழிபெயர்ப்பாளன்தானே என்று எனக்குச் சலுகை! அந்தக் குரல் என்னுடையது என்று நான் கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை.

ஒருவன் போனை நீட்டி வீடியோ எடுத்தபடி அண்ணனை மன்னிப்புக் கேட்கச் சொன்னான். தாடை உடைந்தவன் பேச்சு யாருக்கும் விளங்காது என்பதால், மேடை வழக்கப்படியே அவன் சொல்ல நான் கன்னடத்தில் சொல்ல வேண்டும் என்றார்கள். இன்னொருவன் அண்ணன் மண்டைக்கு மேலே கம்பியை ஓங்கியபடி நின்றான்.

அண்ணன் ரத்தத்தைத் துப்பினான். “சொன்னது… நெசம். திருப்பிச் சொல்றேன். வெக்கமா… இருக்குது.” குழறிய அந்தப் பேச்சு கூடப் பிறந்த எனக்கு மட்டும்தான் விளங்கியது.

கம்பி ஓங்கியபடியே இருந்தது. நான் கன்னடத்தில் சொன்னேன்: தவறாகப் பேசிவிட்டேன், கட்சி எனக்குத் தாய், மன்னித்துவிடுங்கள். ஒரு தடங்கல் இல்லாமல் வந்தது. கம்பியைக் கீழே போட்டுவிட்டு, துண்டை மறுபடி அண்ணன் கழுத்தில் போட்டு விட்டுப் போனார்கள். அண்ணனுக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்திருந்தது. தூக்கப் போன என் கையை அவன் நல்ல கையால் தட்டிவிட்டான். அதற்குப் பிறகு அவன் என்னோடு பேசவில்லை.

இரண்டு மாதம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் அந்த அம்மா என்னை நிறுத்தினாள். நகங்கள் கோணலாக வளர்ந்திருந்தன.

“தம்பி, உங்கண்ணன் மன்னிப்பு கேட்டுட்டாராமே? வீடியோ காட்டுனாங்க. என் புள்ளைக்காகப் பேசுனவரு அவரு ஒருத்தர்தான்.”

“அண்ணன் கேக்கலம்மா. நான்தான் கேட்டேன்.”

“நீ எதுக்குப்பா கேட்ட?”

அண்ணன் உயிரோடு வேண்டும் என்பதற்காக. பிள்ளையைப் பெட்டியில் வாங்கியவளிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.