கோடு போட்ட சதுரம்

என் மனைவியின் அண்ணன் அச்சகத்தில் மிஷின் ஓட்டியவர். ஞாயிற்றுக்கிழமைகளில் காட்டு வரைபடம் வரைவார். வரைபடத்தையும் திசைகாட்டியையும் கையில் வைத்துக்கொண்டு காட்டுக்குள் ஓடி, அங்கங்கே தொங்கும் கொடிகளைக் கண்டுபிடிக்கிற விளையாட்டு ஒன்று உண்டு. அதற்கான படம்தான் அது.

அந்த ஓட்டத்துக்கு ஒரு பஸ் கண்டக்டர் வருவார். எப்போதும் கடைசி. மற்றவர்கள் கேலி செய்தால் அவரும் சேர்ந்து சிரிப்பார். புதரைக் காட்டும் பச்சையும் மேட்டைக் காட்டும் பழுப்பும் அந்த மனிதரின் கண்ணுக்கு ஒன்றாகவே தெரிகின்றன என்று மச்சான் மட்டும்தான் கவனித்திருக்கிறார். அடுத்த ஓட்டத்துக்கு ஒரே ஒரு பிரதியில் மேட்டுக்கோடுகளை வேறு மையில் அடித்து, கண்டக்டர் முறை வரும்போது அதை எடுத்து நீட்டினார். “மை கொஞ்சம் மாறிப்போச்சு, பொறுத்துக்கங்க” என்றார். பக்கத்தில் நின்ற எனக்கே பிறகுதான் விளங்கியது. அன்று கண்டக்டர் ஏழாவதாக வந்தார்.

நான் ரொட்டி வேன் ஓட்டுகிறவன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. ஞாயிறு காலை ஆண்டவனைக் கும்பிட்டுவிட்டு மச்சானைக் காட்டுக்குக் கூட்டிப்போவது இருபது வருடமாக என் வேலை. அவர் நடப்பார், நான் வேனில் தூங்குவேன்.

நடந்து நடந்தே அவருடைய முழங்கால் தேய்ந்துவிட்டது. இனிமேல் மேடு ஏறினால் வீட்டுக்குள் நடக்கவும் ஆள் பிடிக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த வருடம் பார்த்துத்தான் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து மலைக்காட்டில் பள்ளிப் பிள்ளைகள் இருநூறு பேருக்கு ஓட்டம் வைப்பதாக முடிவானது. படம் மச்சான்தான் வரைய வேண்டும். அவர் சரி என்று சொல்லிவிட்டு வந்துதான் வீட்டில் சொன்னார்.

“காலைக் கழட்டி ஆணியில மாட்டிட்டுப் போயிட்டு வாங்க” என்றார் அக்கா, அவர் மனைவி.

லைடார் என்று ஒன்று இருக்கிறது, அது கிடைத்தால் பாதி நடை மிச்சம் என்றார் மச்சான். விமானத்திலிருந்து தரையை நோக்கி ஒளியை அடித்து, அது திரும்பி வருகிற நேரத்தை வைத்து உயரத்தை அளக்கிறார்களாம். மரத்தையெல்லாம் கம்ப்யூட்டரில் உரித்துவிட்டால் கீழே இருக்கிற பள்ளம், பாறை, பழைய வாய்க்கால் எல்லாம் வெறும் தரையாகத் தெரியுமாம். அரசாங்கம் அதைப் பொதுவில்தான் வைத்திருக்கிறது. எங்கே என்பதுதான் கேள்வி.

நில அளவை அலுவலகத்தில் கேட்டார். காடு என்றால் வன அலுவலகம் போங்கள் என்றார்கள். வன அலுவலகத்தில், எங்களிடம் மரக் கணக்குதான் இருக்கிறது என்றார்கள். இணையத்தில் தேடினால், அந்தப் பக்கம் இப்போது இல்லை என்று வந்தது. இன்னொன்றில் நிறுவனத்தின் பெயர் கேட்டது. அச்சகத்தின் பெயரைப் போட்டார், ஏற்கவில்லை. ஷிஃப்ட் முடிந்து வந்து, காலை ஸ்டூலில் நீட்டி, வெந்நீர்ப் பையை முட்டியில் வைத்துக்கொண்டு தேடுவார். ஐந்து மாதம் இப்படியே போனது. பொதுவில் இருக்கிற பொருளை இவ்வளவு பத்திரமாக ஒளித்து வைக்க முடியும் என்று நான் அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

கடைசியில் வெள்ளத் தடுப்புத் துறையின் இணையப் பக்கத்தில் கிடைத்தது. ஆற்றுக்காக அளந்திருக்கிறார்கள். தரையைச் சதுரம் சதுரமாக வெட்டி வைத்திருந்தார்கள்; எங்கள் காட்டுக்கு ஒன்பது சதுரம் வேண்டும். எட்டுதான் கம்ப்யூட்டரில் இறங்கியது. ஆறு அந்த மலையைச் சுற்றிக்கொண்டு போகிறது. நடுமேட்டில் வெள்ளம் ஏறாது என்பதால் அதற்கு மேலே விமானமும் பறக்கவில்லை.

அந்த ஒன்பதாவது சதுரத்தைப் படத்தில் வெள்ளையாக விட்டுவிடுங்கள், தெரியவில்லை என்று புரிந்துகொள்வார்கள் என்றேன்.

“எங்க படத்துல வெள்ளைன்னா தெரியலன்னு இல்ல மாப்ள. நல்ல காடு, தாராளமா ஓடலாம்னு அர்த்தம். பிள்ளைங்க நம்பி ஓடும்.”

வேறு வழி ஒன்று இருந்தது. போகக்கூடாத இடம் என்று குறுக்குக் கோடு போட்டு அடைத்துவிடலாம். கல்குவாரிக்கும் அடுத்தவர் நிலத்துக்கும்தான் அதுவரை அவர் அந்தக் கோட்டைப் போட்டிருக்கிறார். தன் காலுக்காக ஒரு நல்ல காட்டை அடைக்க அவருக்கு மனம் வரவில்லை.

காகிதம் வாங்கப் போகிறோம் என்று அக்காவிடம் பொய் சொல்லிவிட்டுக் கிளம்பினோம். ஆண்டவன் அதை மன்னிக்க வேண்டும். அரைமணி நேரம் ஏறினோம். ஒரு பள்ளத்தையும் இரண்டு பாறையையும் குறித்தார். அதற்குள் முட்டி பந்து மாதிரி வீங்கிவிட்டது. ஒரு கல்லில் உட்கார்ந்து, மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல் என்று என்னை அனுப்பினார். நான் போய்ப் பார்த்துவிட்டு வந்து, மரம் இருக்கிறது, கல் இருக்கிறது, அப்புறம் மறுபடியும் மரம் என்றேன்.

“நீ ரொட்டி வண்டியே ஓட்டு மாப்ள” என்றார். அதற்கு இரண்டு பேரும் சிரித்தோம். என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்க இரண்டு மணி நேரம் ஆனது.

மறுநாள் அந்தச் சதுரத்தில் கோடு போட்டார். பிள்ளைகள் அதைச் சுற்றிக்கொண்டு ஓடினார்கள். ஒருவருக்கும் அடிபடவில்லை. படம் பிரமாதம் என்று எல்லாரும் சொன்னார்கள். அவர் தலையை ஆட்டிவிட்டுத் தண்ணீர் கேட்டார்.

அதன்பிறகு அந்தக் கால் சரியாகவே இல்லை. நின்று மிஷின் ஓட்ட முடியாமல் வேலையை விட்டார். ஒன்பதாவது சதுரம் வந்துவிட்டதா என்று மட்டும் வாரா வாரம் பார்ப்பார். வரவில்லை. மாடிக்கு லிஃப்ட் இருக்கிறது என்று மகள் தன் ஊருக்கு அழைத்தாள். அங்கே போன இரண்டாம் மாதம் காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டார். நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அதனால் மகள் ஊருக்குக் கிளம்பிய அன்று பஸ் நிலையத்தில் பார்த்ததுதான் கடைசி. அக்கா உள்ளே பைகளை எண்ணிக்கொண்டிருந்தார். மச்சான் காலை நீட்டி உட்கார்ந்து, ஜன்னல் வழியாக என்னைக் கூப்பிட்டார். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லப்போகிறார் என்று நினைத்துப் பக்கத்தில் போனேன்.

“அந்தச் சதுரத்துல கோடு போட்டிருக்கேன்ல மாப்ள, பார்க்கிறவங்க அது போகக்கூடாத இடம்னு நினைச்சுக்குவாங்க. அப்படியில்ல. என்னால போக முடியல, அவ்வளவுதான். யாராவது கேட்டா இப்படியே சொல்லிடு.”