சிறுவாணிக்காரன் அம்பத்தூரில் கிரைண்டர் விற்ற கதை

கிரைண்டர் வியாபாரத்தில் கல் ஒரு கனமே இல்லை. வாங்கப்போகிற வீட்டு வாசற்படியைத் தாண்டுவதுதான் கனம். அதுவும் கோயம்புத்தூரில் பிறந்து வளர்ந்துவிட்டு அம்பத்தூரில் கடை போட்டவனுக்கு அந்தப் படி இன்னும் ஒரு முழம் உயரம். பிழைப்புக்காக ஊர் மாறி, வாயைத் திறந்ததுமே "எந்த ஊரு?" என்று கேட்கப்பட்ட சகபாவிகளே, இது உங்களுக்காகத்தான்.

தொண்ணூறுகளின் தொடக்கம். எங்கள் முதலாளிக்குக் கோயம்புத்தூர் கணபதிப் பகுதியில் சின்னதாக ஒரு கிரைண்டர் பட்டறை. மெட்ராஸிலும் ஒரு கடை போட்டுப் பார்க்கலாம் என்று என்னை அனுப்பினார். "தீபாவளி வரைக்கும் பாருங்க பழனிச்சாமி. ஓடலைன்னா சாத்திட்டு வந்துருங்க" என்றார். என் மனைவியின் தம்பி ரயிலடிக்கே வந்து, "மெட்ராஸ்காரன் உங்ககிட்டயே கிரைண்டரை வாங்கி உங்களுக்கே வித்துருவான் மச்சான். சீக்கிரம் வந்துருவீங்க, கவலைப்படாதீங்க" என்று ஆறுதல் சொன்னான். அந்த முகத்தில் போய் முழிப்பதைவிட அம்பத்தூரில் மூட்டை தூக்கலாம் என்று அப்போதே முடிவு கட்டிவிட்டேன்.

மரியாதையால் வந்த வினை

முதல் வேட்டை முகப்பேர் ஹவுசிங் போர்டு குடியிருப்பு. கிரைண்டரை மீன்பாடி என்கிற மூன்று சக்கர வண்டியில் ஏற்றி மிதித்து வந்தவர் ஏகாம்பரம். அம்பத்தூரிலேயே பிறந்தவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், ஊர் உலகத்தில் எல்லாவற்றைப் பற்றியும் அபிப்பிராயம் உள்ளவர். அவரைக் கீழே நிறுத்திவிட்டு மாடியேறிக் கதவைத் தட்டினேன்.

ஓர் அம்மா திறந்தார். "வணக்கமுங்க. தொந்தரவுக்கு மன்னிக்கோணுங்க. ஒரு நிமிஷம் பேசலாங்களா?" என்றேன். கதவு பாதி மூடியது. குரலை இன்னும் தாழ்த்தி, இன்னும் நாலு 'ங்க' சேர்த்துப் பேசினேன். முக்கால்வாசி மூடியது. எதிர்வீட்டுக் கதவு திறந்து, இரண்டு பேர் என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தார்கள். எங்கள் ஊரில் இந்தப் பேச்சுக்கு மோர் கிடைத்திருக்கும். இங்கே மிச்சமிருந்த இடுக்கு வழியாகக் கேள்விதான் வந்தது:

"இன்னாத்துக்கு இம்மாம் மரியாத? நல்லவனா இருந்தா இவ்ளோ கொழைய மாட்டானே. சீட்டுக் கம்பெனியா நீ?"

மீசைக்காரர் வீடு

அடுத்து ஆவடியில் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸ். தமிழ்நாட்டின் எல்லா ஜில்லாவும் அங்கே வரிசை வரிசையாகக் குடியிருந்தது. ஒரு வீட்டைக் காட்டி ஏகாம்பரம் நின்றுவிட்டார். "அது திருநெல்வேலி பார்ட்டி நைனா. அவனுங்க மொதல்ல வெட்டுவானுங்கோ, அப்பாலதான் பேசுவானுங்கோ. நான் வண்டியாண்டயே கீறேன்."

எனக்கும் உள்ளுக்குள் உதறல்தான். ஆனால் இதற்குப் பயந்தால் தீபாவளிக்கு ரயில் ஏற வேண்டியதுதான். தட்டினேன். கதவைத் திறந்தவருக்குக் காதுவரை மீசை. முழங்கை வரை உளுந்து மாவு. கண்ணாடிபோட்ட மனைவி உள்ளே பள்ளிக்கூடப் பேப்பர் திருத்திக்கொண்டிருக்க, மனுஷர் ஆட்டுக்கல் முன்னால் உட்கார்ந்து ஆட்டிக்கொண்டிருந்திருக்கிறார். என்னைச் சட்டென்று உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார். விலை, கல், மோட்டார் எதையும் கேட்கவில்லை. அன்றைக்கே இறக்கச் சொல்லிவிட்டார். அதுதான் என் முதல் விற்பனை. வழியனுப்பும்போது காதோடு காதாகச் சொன்னார்:

"மிசின் வாங்கியாச்சுன்னு ஊர்ல பெருமையாச் சொல்லலாம். நான் ஆட்டுதேன்னு சொல்ல முடியுமாவே?"

கல் கழுவிய படலம்

அந்தத் தெம்பில் அம்பத்தூர் ஏரியாவிலேயே ஒரு காம்பவுண்டுக்குள் நுழைந்தேன். ஒரே முற்றத்தைச் சுற்றி நாலு குடித்தனம். ஓட்டிக் காட்டுகிறேன் என்று முந்தின நாளே சொல்லியிருந்ததால், கன்னியம்மா என்கிற பெண்மணி அரிசியும் உளுந்தும் ஊறப்போட்டு வைத்திருந்தார். அவருடைய அம்மா காலம் வரைக்கும் கழனி வேலை. இவர் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் லேத்துப் பக்கம் வேலை. பேச்சு லேத்தைவிட வேகம்.

எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்று உண்டு. புதுக் கல்லை வாடிக்கையாளர் கண்முன்னே பளிச்சென்று கழுவிக் காட்ட வேண்டும். அப்போதுதான் அவர்களுக்கு மனசு நிறையும். மூலையில் குடங்கள் வரிசையாக இருந்தன. ஒன்றை எடுத்துக் கவிழ்த்தேன். கல் சுத்தமாகத்தான் இருந்தது. இருந்தாலும் இன்னொன்றையும் கவிழ்த்தேன். சிறுவாணித் தண்ணீரில் சோறு ஆக்கினால் என்ன ருசி என்று பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு விளக்கிக்கொண்டே மூன்றாவது குடத்தையும் தூக்கினேன். தண்ணீர் முற்றத்தில் ஓடிச் சாக்கடையில் சேர்ந்தது.

உள்ளேயிருந்து கன்னியம்மா வந்தார். அதற்கு முன்பே நிலவரம் புரிந்து ஏகாம்பரம் வண்டியோடு தெருமுனைக்குப் போய்விட்டார். அன்றைக்கு நான் வாங்கிக்கட்டிக்கொண்டதில் அச்சில் ஏற்றக்கூடியது இவ்வளவுதான்:

"உங்க ஊர்ல மலைலேர்ந்து கொட்டுதுன்னா அங்க போயி களுவு. இங்க லாரி பின்னால ஓடி, நாலு பேராண்ட மண்ட ஒடச்சிகினு புட்ச்ச தண்ணி இது. கல்ல குளிப்பாட்டிட்ட, எம்புள்ளங்கள யாரு குளிப்பாட்டறது?"

ரயிலில் ஒரு கேன்

சேதி தெருத் தெருவாகப் போய்விட்டது. தண்ணீரை ஊற்றிவிடுகிற கோயம்புத்தூர்காரன் என்று என்னைக் கண்டதும் குடங்களை உள்ளே எடுத்து வைத்தார்கள். யாரும் செய்முறை காட்டவே விடவில்லை. ஓட்டிக் காட்டாத கிரைண்டரை எவன் வாங்குவான்? எனக்கு அவமானமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது. கோபம் அவர்கள்மேல் இல்லை.

நான் திருநின்றவூரில் வாடகைக்கு இருந்தேன். வீட்டில் கிணறு உண்டு. ஒரு பெரிய பிளாஸ்டிக் கேன் வாங்கி, தினமும் அதில் தண்ணீர் நிரப்பி, காலை ரயிலில் ஏற்ற ஆரம்பித்தேன். ஆவடியில் ஏறுகிற கூட்டத்துக்கு நடுவே அந்தக் கேன் பட்ட பாட்டை எழுதினால் தனிப் புத்தகம் ஆகும். மின்ரயில் பழுதுபார்க்கும் கார் ஷெட் வேலைக்கு அண்ணனூரில் இறங்க வேண்டிய ஒருத்தர் தினமும் அதன்மேல் கால் வைத்து நிற்பார். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"இன்னா மாமே, நீ கிரைண்டர் விக்கிறியா, தண்ணி விக்கிறியா? தண்ணின்னா சொல்லு, எங்கூட்டுக்கே ஒரு கேன் போடு."

இலவச மாவு மில்

கேனை ரயிலேற்றிய முதல் நாளே நேரே கன்னியம்மா வீட்டுக்குத்தான் போனேன். அங்கே விட்டதை அங்கேதான் பிடிக்க வேண்டும். ஏகாம்பரம், "வேணா நைனா, ஒதைப்பா" என்றார். கையைக் கட்டிக்கொண்டு கன்னியம்மா பார்த்துக்கொண்டிருக்க, ஒரே ஒரு சொம்புத் தண்ணீரில் கல்லைக் கழுவினேன். அவர் ஊறவைத்திருந்ததை அரைத்து முடித்ததும் இன்னொரு சொம்பு விட்டு ஓட்டி, அலசிய தண்ணீரை மாவிலேயே சேர்த்தேன். ஒரு சொட்டு முற்றத்தில் விழவில்லை. கேனில் மிச்சமிருந்ததை அவர் குடத்தில் ஊற்றிவிட்டுக் கும்பிட்டேன். அவர் குடத்தை உள்ளே எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் காலை ஊறவைத்த அரிசியோடு கடைக்கு வந்தார். பின்னாலேயே காம்பவுண்டே வந்தது. அடுத்த நாள் அந்தத் தெருவே வந்தது. காட்சிக்கு வைத்திருந்த கிரைண்டரில் எல்லாரும் அரைத்தார்கள், வாங்கத்தான் ஒருத்தரும் இல்லை. தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. ஆனாலும் விரட்ட மனம் வரவில்லை. வாசலில் கூட்டம் நிற்கிற கடையை எப்படிச் சாத்துவது? ஏகாம்பரம்தான் தலையில் அடித்துக்கொண்டார்:

"கோயம்புத்தூர் ஆளுங்க ஊரையே வித்துருவாங்கோன்னு சொன்னானுங்க. நீ இன்னாடான்னா மாவு மில்லு வெச்சி தருமம் பண்ணிகினு கீற."

முதலாளி வந்தார்

ஒரு நாள் கன்னியம்மா, "நாலு ஊடும் சேந்து ஒண்ணு வாங்கிக்கிறோம், குடுப்பியா?" என்று கேட்டார். மெட்ராஸில் பக்கத்து வீட்டுக்காரன் பெயர்கூடத் தெரியாது என்று எங்கள் ஊரில் அடித்துச் சொல்வார்கள். நானும் அதை நம்பித்தான் வந்திருந்தேன். கொடுத்தேன். முற்றத்தில் வைத்து, முறை போட்டு அரைத்தார்கள், முறை போட்டுச் சண்டையும் போட்டார்கள். அதைப் பார்த்து அடுத்த காம்பவுண்டு வாங்கியது, அப்புறம் அதற்கடுத்தது.

தீபாவளிக்கு முந்தின வாரம் முதலாளி வந்து இறங்கினார். விஷயத்தைக் கேட்டதும் முகம் வாடிவிட்டது. "நாலு வீட்டுக்கு ஒண்ணுங்களா? அப்ப மூணு வியாபாரம் போச்சுங்களே." இல்லையென்றால் நாலுமே போயிருக்கும் என்றேன். அவர் சமாதானமாகவில்லை. என்னைத் திரும்ப அழைத்துக்கொண்டு வேறு ஆளைப் போடலாமா என்று வாய்விட்டு யோசித்துக்கொண்டிருந்தபோது அரிசிப் பாத்திரத்தோடு கன்னியம்மா நுழைந்தார். காம்பவுண்டு மிஷின் சண்டையில் அன்றைக்கு அவருக்கு முறை கிடைக்கவில்லையாம். நடந்ததைக் காதில் வாங்கிக்கொண்டு நேரே முதலாளியிடம் திரும்பினார். பெற்ற பிள்ளைகளே 'ங்க' போட்டுப் பேசுகிற மனுஷர் எங்கள் முதலாளி.

"இன்னா நைனா, இவர இட்டுகினு போப்போறியா? தாராளமா போ. ஆனா மிஷினையும் தூக்கிகினு போய்டு. நாளிக்கி பெல்ட்டு அறுந்தா யாராண்ட போயி நாங்க சண்ட போடுறது? இவருதான் எம்மாம் திட்டுனாலும் நின்னு கேக்கறாரு, மறுநாளும் கடைய தொறக்கறாரு."

முதலாளி எழுந்து போய்க் கட்டடச் சொந்தக்காரரைப் பார்த்து வாடகைக் கெடுவை நீட்டிக்கச் சொல்லிவிட்டு வந்தார். ஸ்டேஷனில் வண்டி கிளம்பும்போது ஜன்னல் வழியாக மெல்லக் கேட்டார்:

"பழனிச்சாமி, அந்தம்மா கடைசில என்னைத் திட்டுச்சா, வாழ்த்துச்சாங்க?"

ஊர் விட்டு ஊர் வந்த சகபாவிகளே, புது ஊர் உங்களிடம் மரியாதையாகப் பேசிக்கொண்டிருந்தால் பெட்டியைப் பிரிக்காதீர்கள்; வாய்நிறையத் திட்ட ஆரம்பித்துவிட்டதென்றால் தைரியமாக ரேஷன் கார்டை மாற்றிக்கொள்ளலாம்.