முத்திரை மேல்பாதியில் இருந்தது

என் அக்கா மருத்துவமனை நூலகத்தில் வேலை பார்க்கிறாள். அவளிடம் ஒரு பொல்லாத பழக்கம். யார் எதைச் சொன்னாலும், "முதல்ல இதை யார் சொன்னது?" என்பாள். மழை வரும் போலிருக்கிறது என்றால்கூட விடமாட்டாள். பெரிய தொல்லை. ஆனாலும் எனக்கு அவள் என்றால் உயிர்.

காய்ச்சல் பரவிய அந்த ஆண்டு வதந்திகள் கொடிகட்டிப் பறந்தன. வார்டிலிருந்து நர்சுகள் கேள்விகளோடு ஓடிவருவார்கள். அக்கா ஆய்வுக் கட்டுரைகளைத் தேடிப் படித்து, டாக்டர்களிடம் சரிபார்த்து, ஒரு தாளில் எழுதி நூலக வாசலில் ஒட்டுவாள். மேலே நூலக முத்திரை, அதன் கீழே கொட்டை எழுத்தில் அன்றைய வதந்தி, அடியில் "இது உண்மையில்லை" என்று காரணங்கள்.

ஒருநாள் மதியம் அப்பாவுக்குத் தலை சுற்றியது. பிரஷர் எகிறிக் கிடந்தது. ஐந்து நாளாக மாத்திரையே போடவில்லையாம் மனுஷன். அக்கா வேலையைப் போட்டது போட்டபடி ஓடிவந்தாள்.

"ஏம்ப்பா நிறுத்தினீங்க?"

"அந்த மாத்திரை போட்டா காய்ச்சல் சீக்கிரம் ஒட்டிக்குமாமே."

"முதல்ல இதை யார் சொன்னது?"

அப்பா கைபேசியை நீட்டினார். "நீதாம்மா."

அவள் ஒட்டிய தாள்தான். யாரோ மேல்பாதியை மட்டும் படம் எடுத்து அனுப்பியிருந்தார்கள். முத்திரையும் வதந்தியும் பளிச்சென்று தெரிந்தன.

"உன் முத்திரையைப் பாத்தப்புறம் வேற யாரைக் கேக்கணும் நான்?"

அக்கா கைபேசியை வாங்கி அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"தப்பு என்னோடதுப்பா," என்றாள். "பொய்யைப் பெரிசா எழுதி, அதுக்கு மேல முத்திரையும் குத்தியிருக்கேன்."

டாக்டரிடம் பேசி அப்பாவை மறுபடி மாத்திரைக்குத் திருப்பினாள். பழைய தாள்களையெல்லாம் கிழித்துவிட்டு, வார்டு வார்டாகப் போய்த் தன் தவறைத் தானே சொன்னாள். அந்த வாரம் அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

இப்போது தாளில் உண்மை மட்டும்தான். ஒவ்வொரு வரியும் தனியாக நின்றாலும் பொருள் மாறக்கூடாது, ஒவ்வொன்றின் பக்கத்திலேயும் முத்திரை இருக்க வேண்டும். ஒட்டுவதற்கு முன் ஒரு பிரதி வீட்டுக்கு வரும், சோதனைக்கு.

முதல் தாளை அப்பா சாப்பாட்டு மேசையில் வைத்துக் கத்தரிக்கோலால் நாலு துண்டாக நறுக்கினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார். அக்கா அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"எங்க வெட்டினாலும் மாத்திரையைப் போடுன்னுதான் சொல்லுது," என்று முனகிவிட்டு, அப்பா தண்ணீர் டம்ளரைக் கேட்டுக் கையை நீட்டினார்.