ஒச்சம்மாள் இன்னும் சம்மதிக்கவில்லை

பாங்காக் போகப்போவதைக் கொச்சியின் கொச்சங்காடியில் மாரிச்செல்வம் சொல்லாத ஆள் பாக்கி இல்லை. தன் குட்டி லாரியில் மிளகு மூட்டை ஏற்றும்போது சொன்னார், இறக்கும்போதும் சொன்னார். ஊர் சுற்றப் போகிறார் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் சேர்ந்திருக்கும் மார்மன் சபைக்கு அங்கே ஓர் ஆலயம் உண்டு. வெள்ளை உடுத்தி அதற்குள் போய் முத்திரிக்கப்பட்டால் புருஷன் பெண்டாட்டி பந்தம் சாவோடு முடியாது, பிள்ளைகளும் என்றைக்கும் கூடவே இருப்பார்கள் என்பது அவர்கள் நம்பிக்கை. அதைக் கேட்ட நாளிலிருந்து மனுஷருக்குக் கால் தரையில் பாவவில்லை.

"ஏழு ஜென்மம்னு சொல்லுவாங்களே சேட்டா, அதெல்லாம் இதுக்குப் பக்கத்துல வராது. இதுக்கு முடிவே கிடையாது," என்றார் சாயாக்கடை ராமபத்ரனிடம்.

சபையில் சேர்ந்தவர்களுக்குச் சாயாவும் காப்பியும் ஆகாது. ராமபத்ரன் சுடுபால் கிளாஸை நீட்டிக்கொண்டே, "அப்ப மரிச்சாலும் நீ விடமாட்டே, அல்லே? பாவம் ஒச்சம்மா," என்றார்.

மாரிச்செல்வம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பு ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்தான் தாங்கியது.

எர்ணாகுளத்தில் சபை கூடி முடிந்ததும் சபைத் தலைவர் பிச்சைமணி, மாரிச்செல்வத்தின் மனைவி ஒச்சம்மாளிடம், "என்ன சகோதரி, பயணத்துக்கு ரெடிதானே?" என்று கேட்டார். ஒச்சம்மாள் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"நான் இன்னும் சம்மதிக்கலையே."

சொல்லிவிட்டுத் தன்பாட்டுக்குப் படியிறங்கிப் போய்விட்டாள். மாரிச்செல்வம் செருப்பை மாட்டக்கூட மறந்து பின்னாலேயே ஓடினார்.

அன்று தொடங்கியது கூத்து. மறுநாள் கரிமீன் வாங்கி வந்தார். அதற்கு மறுநாள் பாத்திரம் கழுவினார். ஜூ டவுனில் சரக்கு இறக்கிவிட்டுத் திரும்பும்போது ஒரு கண்ணாடி வளையல் செட்டு. உப்புப் போட மறந்த குழம்பைக்கூட ஆகா ஓகோ என்றார். பக்கத்து வீட்டு ரம்லத் மதிலுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "எந்தா ஒச்சம்மா, உங்க ஆளுக்கு மேலுக்குச் சுகமில்லையோ?" என்று விசாரித்தாள்.

ஒச்சம்மாள் மீனைச் சாப்பிட்டாள், வளையலைப் போட்டுக்கொண்டாள். சம்மதம் மட்டும் வரவில்லை. ஒருவேளை மாமியாரை நினைத்துப் பயப்படுகிறாளோ என்று அவருக்குத் தோன்றியது. "அங்க, பரலோகத்துக்குப் போனா, அம்மாவத் தனி வீட்டுல இருக்கச் சொல்லிரலாம், ஒச்சா," என்று வாக்குக் கொடுத்துப் பார்த்தார். அவள் சேலையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்கு ஓடிவிட்டாள்.

அடுத்த திங்கட்கிழமை வந்தது. சபைக்காரர்கள் திங்கள் சாயங்காலத்துக்கு வேறு ஜோலி வைத்துக்கொள்ள மாட்டார்கள். குடும்பம் மட்டும் வட்டமாக உட்கார்ந்து ஒரு ஜெபம், ஒரு பாட்டு, ஒரு பாடம், அப்புறம் தின்பதற்கு ஏதாவது. பாடம் நடத்துவது ஆளுக்கு ஒரு வாரம். அந்த வாரம் ஒச்சம்மாள் முறை. நடுவில் பழம்பொரித் தட்டை வைத்துவிட்டு அவள் மகள் பக்கம் திரும்பினாள்.

"மகா, பாங்காக் போற விஷயத்த அப்பா யார் யார்ட்டல்லாம் சொன்னாரு?"

"சாயாக்கடை சேட்டன், ரம்லத் இத்தா, கோடவுன் ஆளுங்க, அப்புறம் எங்க டீச்சர்ட்ட கூட," என்று மகா உற்சாகமாக விரல் மடக்கினாள்.

"எங்கிட்ட கேட்டாரா?"

மகாவின் விரல் நின்றது.

"எங்கல்யாணத்துக்கு எங்கய்யா தலையாட்டுனாரு, மாமன் தலையாட்டுனாரு. எங்கிட்ட ஒருத்தரும் கேக்கல. சரி, அப்ப எனக்கு விவரம் பத்தாது. இது முடிவே இல்லாததுன்னு நீங்களே சொல்றீங்க. இதுக்கும் எனக்குச் சேத்து நீங்களே தலையாட்டிக்கிட்டா எப்படிங்க?"

மனசில்லாத யாரையும் முத்திரிக்க முடியாது என்று போன மாதம் சபையில் பாடம் எடுத்தவரே மாரிச்செல்வம்தான். மீன் வாங்கினார், பாத்திரம் கழுவினார், பெற்ற தாயைக்கூட வேறு வீட்டுக்கு அனுப்பத் துணிந்தார். கேட்க மட்டும் தோன்றவில்லை. தன்மேலேயே அவருக்குக் கோபம் வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது.

சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டு நேராக உட்கார்ந்தார்.

"ஒச்சா, எங்கூட வாறியா? அங்கயும்?"

கேட்ட பிறகுதான் அவள் மாட்டேன் என்று சொல்லவும் கூடும் என்பது உறைத்தது. இத்தனை வருஷ வாழ்க்கையில் முதல்முறையாகப் பெண்டாட்டியின் பதிலுக்காக அவருக்கு வியர்த்தது. ஒச்சம்மாள் அவசரப்படவில்லை. ஒரு பழம்பொரியை எடுத்து, ஊதி ஊதி முழுசாகத் தின்றாள். அப்பாவின் முகம் போன போக்கைப் பார்த்து மகா சிரிப்பை அடக்க முடியாமல் தலையணையில் முகம் புதைத்தாள்.

மணவறையில் குனிந்த தலை நிமிராமல் இருந்த ஒச்சம்மாள் இப்போது நேராக அவர் முகத்தைப் பார்த்தாள்.

"வாறேன்," என்றாள். "கேட்டீங்கள்ல, வாறேன்."